குட்டி ரம்பமும் பத்து விரலும்

அழகிரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவன் சம்சாரத்தின் விரல்களிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவனையே கேட்டாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பான். அவன் மரம் வெட்டுகிற ஆள். வயது ஐம்பத்தொன்று. திருவானைக்காவல் கொண்டையம்பேட்டையில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். அவன் சம்சாரம் பொன்னுத்தாய் பூக்கட்டுகிறவள்.

பூக்கட்டுகிறவள் என்று சும்மா சொல்லிவிட்டால் போதுமா? நீங்கள் அவள் கட்டி ஒரு தடவை பார்க்க வேண்டும். விடிகாலையில் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்குவாள். முல்லை, ஜாதிமல்லி, செவ்வந்தி, ஒரு பிடி மரிக்கொழுந்து. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மடியில் கூடையை வைத்துக்கொள்வாள். இந்தப் பக்கம் ரெண்டு பூ, அந்தப் பக்கம் ரெண்டு பூ, நடுவில் வாழைநாரை ஒரு சுண்டு, ஒரு இழுப்பு. கண் என்னவோ காவிரிப் பாலத்துக்கு வெளியே தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் ரெண்டு முழம் தயார். அதில் ஒரு பூ நசுங்கியிருக்காது, ஒரு முடிச்சு நழுவியிருக்காது.

பெண் பார்க்கப் போனபோது எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். அழகிரி அவள் காபி டம்ளரை நீட்டின கையையே பார்த்துக்கொண்டிருந்தானாம். வெளியே வந்ததும் அம்மா, "பொண்ணு எப்படிடா?" என்று கேட்டதற்கு, "கை நல்லாருக்கும்மா" என்றிருக்கிறான். இருபத்தாறு வருஷமாகச் சொந்தபந்தம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இன்றைக்கும் அவள் கட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே போய் உட்கார்ந்துவிடுவான். "இது எப்படிப் பொன்னு? கண்ணே வேணாமா உனக்கு?" என்று கேட்பான். அவள், "ஆரம்பிச்சுட்டாரு" என்று சலித்துக்கொள்வாள். உள்ளுக்குள் அவளுக்கு அது பிடிக்கும். பிடிக்காமல் என்ன?

அழகிரியின் கதைக்கு வருவோம். ரெண்டு ஆற்றுக்கு நடுவில் கிடக்கிற இந்தத் தீவில், அதாவது ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் இடையில், அவன் ஏறாத தென்னை, கழிக்காத வேம்பு குறைவு. அருவாளை ஓங்கினான் என்றால் கைப்பருமன் கிளை ஒரே வெட்டில் துண்டாகும். அந்த ஓங்கலில்தான் அவன் வித்தை முழுக்க இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக் கொல்லையில் நாவல் மரத்தின் மேலிருந்து விழுந்தான். நாவல் மரத்தைச் சாமியாகக் கும்பிடுகிற ஊரில் நாவல் மரத்திலிருந்து விழுந்தவனை விட்டுவைப்பார்களா? "ஜம்புகேஸ்வரர் மரத்துலயே அருவாளைப் போட்டியாமே" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. சட்டையைத் தலைவழியாகப் போட முடியாது. அருவாளை எங்கே ஓங்குவது?

வேலை போனது. வீட்டில் சும்மா உட்கார முடியாமல் பூக்கட்டப் பழகினான் பாருங்கள், அதுதான் கூத்து. மரத்தைப் பிடித்த கை அல்லவா, முல்லை மொட்டு அதில் மூச்சுத் திணறியது. நாரை அவன் இழுக்கிற இழுப்பில் காம்பு நசுங்கிப் பூ கழுத்துத் தொங்கும். ஒரு முடிச்சுப் போட்டால் அதை அவிழ்க்கக் கத்திரிக்கோல் வேண்டும். பொன்னுத்தாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க பூவைக் கட்டலைங்க, கைது பண்றீங்க" என்றாள். அதோடு அந்த உத்தியோகமும் போயிற்று.

அப்புறம் அவன் பேச்சே குறைந்துவிட்டது. அருவாளைத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடியும் சாக்கில் சுற்றி வைப்பான். மறுவாரம் எடுத்து மறுபடியும் துடைப்பான். ஏதோ ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி ஒருத்தர் வேலை சொன்னார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ரம்பத்தைக் கண்டுபிடித்தவள் பொன்னுத்தாய்தான். நெல்சன் ரோட்டில் பாக்கியமேரி டீச்சர் என்று ஒருவர், ரிட்டயர் ஆனவர், மாதா படத்துக்கு இவளிடம்தான் பூ வாங்குவார். ஒருநாள் அங்கே பூக்கொடுக்கப் போனபோது பக்கத்து வீட்டில் ஒரு காலேஜ் பெண் சோறு போடுகிற கரண்டி அளவில் ஏதோ ஒன்றைப் பிடித்து வேலியோரக் கிளையை அறுத்துக்கொண்டிருந்தாளாம். வீட்டுக்கு வந்து கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே பொன்னுத்தாய் சொன்னாள்.

"ஏங்க, ஒரு குட்டி ரம்பம் பார்த்தேங்க. பேட்டரியில ஓடுது. செயின் சுத்துது. ஓங்கவே வேணாம், கிளை மேல வெச்சா போதும். அதுவா அறுத்துக்கிட்டு இறங்குது."

"விளையாட்டுச் சாமானா இருக்கும்" என்றான் அழகிரி.

"சாமானோ என்னவோ, போய்ப் பார்ப்போம். கிளம்புங்க."

பெரியகடை வீதியில் ஒரு ஹார்டுவேர் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் அல்ஷிஃபா என்ற பெண் நின்றிருந்தாள். கடைக்காரரின் மகள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். தலையில் முக்காடு, காதில் பேனா. குட்டி ரம்பம் என்றதும், சின்னதாக ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். ஆறங்குலத் தகடு, அதைச் சுற்றி ஒரு செயின், பிடி, பிடிக்கு அடியில் செருகுகிற பேட்டரி. ரெண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், கண்ணாடி, கையுறை எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள்தான். அழகிரி அதைக் கையில் வாங்கினான். ஒரு தேங்காய் கனம்கூட இல்லை. பிடி அவன் உள்ளங்கையில் அடங்கிப்போனது. அவ்வளவுதான், ஆள் அந்த நிமிஷமே காணாமல் போய்விட்டான். அல்ஷிஃபா சொன்னதில் முக்கால்வாசி அவன் காதில் ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் மண்டையை மட்டும் ஆட்டினான்.

பொன்னுத்தாய் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, விலை கம்மியான மெஷின். அதனால செயின் அடிக்கடி தளரும். வேலைக்கு முன்னாடி தினம் பாருங்க, எண்ணெய் விடுங்க" என்றாள் அல்ஷிஃபா. "நுனியால மரத்தைத் தொடாதீங்க, உங்க பக்கமே எகிறும். தோளுக்கு மேல தூக்காதீங்க. ஏணியில நிக்காதீங்க."

"என் தோளும் அதைத்தாம்மா சொல்லுது" என்றான் அழகிரி. அந்த ஒன்று மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

"ஒரு கையில பிடிச்சுடலாம்போலத் தோணும். வேணாம். ரெண்டு கையும் மெஷின்ல இருந்தா எந்தக் கையும் செயின் பக்கம் போகாது. இந்தப் பெருவிரல் கிட்ட சிவப்புப் பட்டன் இருக்கு பாருங்க. இதை அமுக்கிட்டு விசையை இழுத்தாத்தான் ஓடும். பட்டனை அமுக்காம விசையை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. தெரியாம கை பட்டு ஓடிடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. சில பேரு வேலை சுளுவா ஆகட்டும்னு அந்தப் பட்டன் மேல டேப்பைச் சுத்தி வெச்சுடறாங்க. அப்படிப் பண்ணிட்டு ஒருத்தரு கையில கட்டோட வந்து நின்னாரு, அண்ணே."

பிறகு பொன்னுத்தாய் பக்கம் திரும்பினாள். பெண்ணுக்குப் பெண் தெரிந்திருக்கும்போல. "அக்கா, மத்ததெல்லாம் மறந்தாலும் ஒண்ணை மட்டும் மறக்க விடாதீங்க. செயினைத் தொடணும்னா, துடைக்க, இறுக்க, எதுக்கா இருந்தாலும், முதல்ல பேட்டரியைக் கழட்டிடணும். பேட்டரி உள்ள இருக்கிறவரைக்கும் அது தூங்கலை, சும்மா கண்ணை மூடிக்கிட்டு இருக்குன்னு நெனச்சுக்கங்க."

பொன்னுத்தாய் எட்டாவது வரை படித்தவள். பெட்டிக்குள் இருந்த படத்தாளில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். படம் புரிந்தது. பேட்டரியைக் கழற்றுகிற படத்தை மட்டும் கத்தரித்துக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

முதல் நாள் அறுத்ததைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் காற்றில் ஒடிந்து விழுந்த வேப்பங்கிளை ஒன்று கிடந்தது. மணிக்கட்டுப் பருமன். அழகிரி அதை ரெண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தான். கழுத்துத் துண்டைக் கழற்றி வைக்கச் சொன்னாள் பொன்னுத்தாய், செயினில் மாட்டும் என்று. கண்ணாடி போட்டான். ரெண்டு கையாலும் பிடித்தான். சிவப்புப் பட்டன், விசை. ர்ர்ர் என்று ஒரு சத்தம், தையல் மெஷினை விடக் கொஞ்சம் பெரிசு. தகட்டைக் கிளை மேல் வைத்தான். அழுத்தக்கூட இல்லை. ஈர மரத்தூள் அவன் பாதத்தின் மேல் கொட்டியது. வேம்பின் கசப்பு வாசனை எழும்பியது. வாயில் போட்ட வெற்றிலை நனைவதற்குள் கிளை ரெண்டாகி விழுந்தது.

விசையை விட்டான். செயின் நின்றது. அறுபட்ட கிளைத் துண்டைப் பார்த்தான். வெட்டு வாய் பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. தன் வலது தோளைப் பார்த்தான். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"பொன்னு, நான் ஓங்கவே இல்லையே" என்றான்.

"இல்லைங்க."

"ஓங்கவே இல்ல பொன்னு!"

செங்கல் மேலேயே உட்கார்ந்து அழுதான். மூன்று வருஷத்து அழுகை. பொன்னுத்தாய் முதலில் மெஷினை அவன் மடியிலிருந்து எடுத்தாள், பேட்டரியைக் கழற்றினாள், பிறகுதான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த வரிசை அப்போது அவன் மனசில் படவில்லை.

அதற்குப் பிறகு வேலை வர ஆரம்பித்தது. ஏறுகிற வேலை கிடையாது, அதை ஒரேயடியாக விட்டுவிட்டான். கொய்யாக் கிளை, முருங்கை, வேலி கழிப்பது, விழுந்த மரத்தைத் துண்டு போடுவது, எல்லாம் தரையில் நின்று செய்கிற வேலை. பொன்னுத்தாயும் கூடையோடு கூடவே வருவாள். அவன் அறுப்பான், அவள் பத்தடி தள்ளி நிழலில் உட்கார்ந்து கட்டுவாள். ஆட்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இத்தனூண்டு மெஷின் இவ்வளவு பண்ணுகிறதே என்று வாயைப் பிளப்பார்கள். அழகிரிக்குக் காலே தரையில் பாவாது.

ஆளுக்குத் திமிர் வந்தது என்று சொல்லிவிடலாமா? சொல்லிவிடலாம், பாதகமில்லை. பாக்கியமேரி டீச்சர் வீட்டுக் கொல்லையில் தார் வெட்டின வாழை ஒன்று நின்றது. அருவாளால் ரெண்டு போடு போட்டால் சாய்கிற சமாச்சாரம். இடது கையாலேயே போடலாம். இவன் டீச்சர் பார்க்கிறாரே என்று ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனான். வாழை மட்டைக்குள் செயின் இறங்கியது, நாலு விரற்கடை போனது, நார் சுற்றிக்கொண்டு கரகரவென்று நின்றுவிட்டது. வெளியே இழுத்தான். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் நார் திரிதிரியாக மாட்டியிருந்தது. அதைப் பிடுங்குவதற்கு விரலை உள்ளே விடப்போனான்.

"பேட்டரி!"

அப்படி ஒரு கத்தலைப் பொன்னுத்தாயிடம் அவன் கேட்டதே இல்லை. கூடை கவிழ்ந்து முல்லையெல்லாம் மண்ணில். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். அழகிரி பேட்டரியைக் கழற்றினான். அவள் கிட்டே வந்து, பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றச் சொல்லி, தானே நாரை இழை இழையாகப் பிரித்து எடுத்தாள்.

"இந்த நாரோட இருவத்தாறு வருஷமாக் குடும்பம் நடத்துறேன்" என்றாள். "முறுக்கிக்கிட்டிருக்கிற நாரு வெடுக்குனு விடும். நீங்க விரலை உள்ள விட்டுப் பிடுங்கி, பிடியில இருக்கிற கை பட்டனையும் விசையையும் சேர்த்து அமுக்கியிருந்தா?"

அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் விரலை நினைத்து இல்லை. நாரைப் பிரித்த அவள் விரலை நினைத்து. பேட்டரி உள்ளே இருந்து, அவள் விரல் அந்தப் பல்லுக்குள் இருந்து... அதற்கு மேல் நினைக்க முடியாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

அதிலிருந்து அவன் ஒரு பிரசங்கி ஆகிவிட்டான். ஒவ்வொரு வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டுவான். டீக்கடையில் யாராவது ரம்பம் வாங்கப்போவதாகச் சொன்னால் தொலைந்தார், அல்ஷிஃபா சொன்னதையெல்லாம் பொன்னுத்தாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே கண்டுபிடித்தது மாதிரி ஒப்பிப்பான். பத்து மாசம் ஒருநாள்கூடத் தவறவில்லை. அப்படிப்பட்டவன்தான் ஆயுத பூஜையன்று சறுக்கினான்.

ரம்பம் வந்த பிறகு வருகிற முதல் ஆயுத பூஜை. வீட்டை மெழுகி, மணை போட்டு, கதவில் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் வாங்கியாயிற்று. பழைய அருவாள், கைரம்பம், பொன்னுத்தாயின் கத்திரிக்கோல், நார்க்கட்டு எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. நடுநாயகமாகக் குட்டி ரம்பம். அதன் செயினை முந்தின நாளே துடைத்து எண்ணெய் விட்டிருந்தான். பேட்டரியையும் சார்ஜ் போட்டு, பச்சை விளக்கு எரிகிறதைப் பார்த்து, அவனே செருகியும் வைத்துவிட்டான்.

பொன்னுத்தாய் பார்த்தாள். "பேட்டரியைக் கழட்டிடட்டுமாங்க? பொட்டு வைக்கச் செயினைத் தொடணுமே."

"இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும் பொன்னு" என்றான். "சாமி கும்புடப்போறோம். உசிரைக் கழட்டி வெச்சுட்டு வெறும் உடம்புக்கா பூஜை போடுவாங்க? அபசகுனம். இது எனக்குச் சோறு போட்ட மெஷின். முழுசா உட்காரட்டும்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது இல்லையா? பொன்னுத்தாய் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். "சரிங்க, குளிச்சுட்டு வாங்க" என்றாள்.

குளித்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். மணையைப் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல். குட்டி ரம்பத்துக்குப் பிடியிலிருந்து கீழே மஞ்சள் துணியைச் சுற்றி, மடிப்பு மடிப்பாகக் கொசுவம் வைத்து, மணையில் உட்கார வைத்திருந்தாள் பொன்னுத்தாய்.

"அடி ஆத்தீ, மெஷினுக்கு வேட்டி கட்டிட்டியா!"

"ஆமா, முழுசா உட்காரணும்னு சொன்னீங்கல்ல."

மாலை போடுவது மட்டும் என் வேலை என்றான். வருஷத்தில் ஒருநாள், என் மெஷின், நான்தான் போடுவேன். அவள் கட்டி வைத்திருந்த செவ்வந்திச் சரத்தை எடுத்துப் பிடியைச் சுற்றி ரெண்டு சுற்று, மூன்று சுற்று, அப்புறம் நாரை இழுத்து ஒரு முடிச்சு. அவன் முடிச்சு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத்தான் தெரியுமே. செவ்வந்தி கழுத்து நெரிபட்டது. "கைது பண்ணியாச்சா?" என்றாள் அவள். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

பொன்னுத்தாய் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். தகட்டுக்குச் சந்தனம் வைத்தாள். அடுத்துச் செயினுக்கு ஒவ்வொரு பல்லாகக் குங்குமம் வைக்க ஆரம்பித்தாள். இடது கை விரல் நாலும் தகட்டுக்கு அடியில் தாங்கிக்கொண்டிருந்தன. வலது கை மோதிர விரல் செயின் மேல் ஒரு பொட்டு, நகர்ந்து இன்னொரு பொட்டு. பூத்தொடுக்கிற அதே வேகம், அதே நிதானம். அழகிரி வழக்கம்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடிப்பக்கம் எட்டலை. கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்றாள்.

பிடியைப் பிடித்தான். ஒரு கையால்தான். பூ ஈரம். பிடி வழுக்கிச் சாய்ந்தது, விழுந்துவிடப்போகிறதே என்று இறுக்கிப் பிடித்தான். பழகின கை அல்லவா, ஆட்காட்டி விரல் தானாகப் போய் விசையில் உட்கார்ந்திருந்தது. இறுக்கின இறுக்கலில் விசை உள்ளே போனது.

அடிவரைக்கும் போனது.

சிவப்புப் பட்டனை அவன் அமுக்கவில்லை. பெருவிரல் பூவின் மேல்தான் இருந்தது. ஆனால் பட்டனை அமுக்காதபோது கெட்டியாகத் தெரிகிற அந்தத் தடை விசையில் இல்லை. டக் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. அழகிரி குனிந்து பார்த்தான். மூன்று சுற்றுச் செவ்வந்திக்கு அடியில், அவன் போட்ட முடிச்சுக்கு நேர் கீழே, பட்டன் முழுசாக அமுங்கிக் கிடந்தது. டேப் சுற்றினவனின் கதைதான். இவன் டேப்புக்குப் பதிலாகப் பூவைச் சுற்றியிருந்தான். அவள் விரல்கள் செயின் மேல் இருந்தன.

ஒன்றும் நடக்கவில்லை.

செயின் அசையவில்லை. பொன்னுத்தாய் இன்னொரு பொட்டு வைத்தாள்.

விரலை விசையிலிருந்து எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டதா? நேற்றுதானே போட்டோம், பச்சை எரிந்ததே. முருகா, ரிப்பேரா? ரிப்பேராகவே இருக்கட்டும், ஜென்மத்துக்கும் ஓடாமலே இருக்கட்டும்.

"பொன்னு, கையை எடு" என்றான். அவள் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னான். "கையை எடுடி!"

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் விரல் இருக்கிற இடத்தைப் பார்த்தாள். பிறகு பூவுக்கு அடியில் இருந்த பட்டனைப் பார்த்தாள். அவளுக்கும் முகம் வெளிறித்தான் போயிற்று. ஆனால் கையை மெதுவாகத்தான் எடுத்தாள்.

மஞ்சள் துணியின் கொசுவத்தை விலக்கினாள். பிடிக்கு அடியில் பேட்டரி இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளமாக இருந்தது.

"நீங்க குளிக்கப் போனப்பவே கழட்டிட்டேங்க" என்றாள். "சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. அதான் துணியைச் சுத்தி மறைச்சேன்."

அவன் அந்தப் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"உசிரைத் தூக்கி மூலையில போட்டுட்டதா நினைக்காதீங்க. அங்க பாருங்க."

சாமி படத்துக்குக் கீழே, விளக்குக்கு ஒரு முழம் தள்ளி, அவளுடைய பூக்கூடை இருந்தது. அதற்குள் முல்லைப் பூவைப் பரப்பி, அதன் மேல் பேட்டரியை உட்கார வைத்திருந்தாள். அதற்கும் சந்தனம் வைத்து, நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. உடம்புக்கு மணையில் பூஜை, உசிருக்குக் கூடையில் பூஜை. அவன் சொன்னதையும் மீறவில்லை, அந்தக் கடைப்பெண் சொன்னதையும் மீறவில்லை.

அழகிரி எத்தனையோ உயரத்திலிருந்து இந்த ஊரைப் பார்த்தவன். தென்னை உச்சியிலிருந்து ராஜகோபுரம் விடிவதைப் பார்த்திருக்கிறான். ஆடிப் பெருக்கில் ரெண்டு ஆறும் கரை தொட்டு ஓடுவதைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறான். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அந்த நிமிஷம் தோன்றியது. சந்தனமும் குங்குமமும் அப்பின அந்தப் பத்து விரலையும் ரெண்டு கையால் வாரி எடுத்துக்கொண்டான். ஒவ்வொன்றாக எண்ணினான். சத்தமாகவே எண்ணினான். பத்து வந்ததும் நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

"என்னங்க இது, குழந்தையாட்டம்" என்றாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது.

"நான் கெட்டேன் பொன்னு. நான்தான் கெட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு..." என்று அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நெற்றியில் இருந்த திருநீறோடு குங்குமமும் சேர்ந்துகொண்டது. பிறகு கத்திரிக்கோலை எடுத்து, தான் போட்ட முடிச்சைத் தானே வெட்டினான். செவ்வந்தி உதிர்ந்தது. சிவப்புப் பட்டன் டப்பென்று மேலே எழும்பி வந்தது. சரத்தை அவளிடம் நீட்டினான். அவள் அதைப் பிடியில் கட்டாமல் மணையைச் சுற்றி வைத்தாள். அப்புறம்தான் கற்பூரம் ஏற்றினார்கள்.

அன்றைக்கு ஆயுதத்துக்கெல்லாம் ஓய்வு. மறுநாள் விஜயதசமி. ராத்திரி பெய்த மழையில் பாக்கியமேரி டீச்சர் வீட்டு முருங்கை ஒடிந்து கேட்டுக்குக் குறுக்கே கிடக்கிறது என்று காலையிலேயே போன் வந்தது. போனார்கள். அழகிரி துண்டை எடுத்துச் சுவர் மேல் போட்டான். சட்டையைச் செருகினான். செயினை இழுத்துப் பார்த்து இறுக்கினான், எண்ணெய் விட்டான், கண்ணாடியும் கையுறையும் போட்டான். கிளை உருளாமல் இருக்கச் செங்கல்லை அண்டக் கொடுத்தான். பிறகு ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு நின்றான்.

நின்றுகொண்டே இருந்தான். பத்தடி தள்ளிப் பொன்னுத்தாய் உட்கார்ந்து சரத்தின் கடைசி முழத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "என்ன அழகிரி, கேட்டைத் தொறக்க முடியல, நீங்க பாட்டுக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? எதுக்குக் காத்திருக்கீங்க?"

"உசிரு வரணும் டீச்சர்" என்றான். "அது இனிமே எங்கிட்ட இருக்காது. அவ கூடையிலதான் இருக்கும். அறுக்கறதுக்கு முன்னாடி கேட்டு வாங்குவேன், அறுத்து முடிச்சதும் அவ கையிலயே குடுத்துடுவேன்."

டீச்சருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

பொன்னுத்தாய் கடைசி ரெண்டு பூவை வைத்து, நாரைச் சுண்டி, இழுத்து முடித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கூடைக்குள் பூவை விலக்கி, குங்குமப் பொட்டு இன்னும் அழியாத அந்தப் பேட்டரியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அழகிரி கையுறையைக் கழற்றிவிட்டு, ரெண்டு கையையும் சேர்த்து நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.